சோம்பல் என்னும் சொல்

வணக்கம்.

மக்களின் உடலியக்கத்தைப் பெருக்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள திட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 67. என் பெற்றோர் உடற்பயிற்சி என்ற ஒன்றைச் செய்ததே இல்லை; ஆனால் விடிந்தது முதல் இருட்டும்வரை அவர்கள் உடம்பு ஓய்ந்ததும் இல்லை. இன்றைய மனிதருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்பதே உண்மை என்று நினைக்கிறேன். தன் உடம்பைப் பேண விரும்பாத ஒருவரை அரசும் உலக அமைப்பும் எப்படி எழுப்பி நடக்கவைக்க முடியும்? இது தனிமனித ஒழுக்கம் சார்ந்தது. இதில் பொதுச் சுகாதாரத்துக்கு வேலை இல்லை. கடைசியாக ஓர் ஐயம்: நாளுக்கு 10,000 காலடிகள் நடந்தே ஆக வேண்டும் என்கிறார்களே, என் வயதில் அது தேவையா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடான வரி உங்கள் பெற்றோரைப் பற்றியது. ஆனால் அந்த வரியிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவுக்கு நேரெதிரான முடிவுக்கே நான் வருகிறேன். அவர்கள் நாள் முழுதும் இயங்கியது மன உறுதி மிகுந்திருந்ததால் அன்று; நீர் கொண்டுவரவும் துணி துவைக்கவும் வேலைக்குப் போய்ச் சேரவும் உடம்பைத் தவிர வேறு கருவி இல்லாததால்தான். அவர்களுக்கு இயங்காமலிருக்கும் வாய்ப்பு இல்லை, நமக்கு இயங்கவேண்டிய காரணம் இல்லை. இந்த வேறுபாட்டை ஒழுக்கத்தின் கணக்கில் எழுதுவது பிழை.

இத்துறையின் முதல் பெரிய ஆய்வே இதைத்தான் காட்டியது. ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணி; ஆனால் ஓட்டுநர் பணிநேரம் முழுதும் உட்கார்ந்திருந்தார், நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். இதயத் தமனி நோய் நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. அது வந்தபோதும் உடனடி உயிரிழப்பு அவர்களிடம் குறைவாகவே நேர்ந்தது. ஓட்டுநரின் மனப் பதற்றம் காரணமாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கு, அதே ஆய்வில் அஞ்சல் ஊழியர்களையும் ஒப்பிட்டார்கள். நடந்தும் மிதிவண்டியிலும் தபால் கொண்டுபோனவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்த எழுத்தர்களையும் தொலைபேசி இணைப்பாளர்களையும்விட நோய் குறைவு. பிறகு மாரிஸ் பேருந்து ஊழியர்களின் சீருடைப் பதிவேட்டை எடுத்துக் காற்சட்டைகளின் இடுப்பளவைக்கூடப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. எனவே வேலைக்கு வருமுன்பே இருந்த வேறுபாடும் இதில் கலந்திருக்கலாம் என்று தம் முடிவைத் தாமே சோதித்துக்கொண்டார். ஒரு தையற்காரரின் குறிப்பேடு மருத்துவச் சான்றாக மாறிய இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை.

அந்த நடத்துநர் உடற்பயிற்சி செய்யவில்லை என்பதுதான் இதில் நான் சுட்ட விரும்புவது. அவர் சீட்டு விற்றார். அவருடைய இதயத்தைக் காத்த படிகள் அவருடைய ஒழுக்கத்தால் அமைந்தவை அல்ல, பேருந்தின் அமைப்பால் அமைந்தவை. திறந்த பின்வாசலும் நடத்துநரும் கொண்ட பழைய மாடிப் பேருந்துகள் 2005 டிசம்பரோடு லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டன. அந்த வேலை போனது, அதனோடு அந்தப் படிகளும் போயின. இதை யாரும் சோம்பல் என்று சொல்லமாட்டோம் அல்லவா?

உலகளாவிய கணக்கையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 2022-ல் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 180 கோடிப் பேர், போதிய அளவு இயங்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் மதிப்பிட்டார்கள். ஆண்களில் இது 29 விழுக்காடு, பெண்களில் 34. இதற்கு முந்தைய, 2016-ம் ஆண்டுக்கான மதிப்பீட்டில், உயர்வருமான நாடுகளின் அளவு குறைவருமான நாடுகளின் அளவைப்போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் நால்வர் அதே ஆண்டில் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட இயங்கவில்லை. அவர்களிலும் பெண் பிள்ளைகளின் நிலையே மோசம். சோம்பல்தான் காரணமென்றால், பெண்கள் ஆண்களைவிடச் சோம்பேறிகள் என்றும், வருமானம் ஏற ஏறச் சோம்பலும் ஏறுகிறது என்றும் சொல்ல வேண்டிவரும். பெண்ணுக்குத் தனக்கென ஒரு மணி நேரம் கிடைக்கிறதா, இருட்டிய தெருவில் அவள் அச்சமின்றி நடக்க முடிகிறதா, சிறுமி விளையாடுமிடம் வீட்டருகில் இருக்கிறதா என்று கேட்பதுதான் பொருத்தம் என்பேன். இவை அரசு செய்யக்கூடியவை; தனிமனித உறுதியால் தெருவிளக்கு எரியாது.

நீங்கள் சொல்வதில் நியாயமான பகுதியும் உண்டு. ‘நடங்கள், ஓடுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதால் மட்டும் மக்கள் நடந்துவிடுவதில்லை. நிறுவனத்தின் 2018-ம் ஆண்டுச் செயல்திட்டம் இயக்கமின்மையை 2030-க்குள் 15 விழுக்காட்டளவு குறைப்பதாக இலக்கு வைத்தது. போக்கு இப்படியே போனால் அதற்குள் அது 31-லிருந்து 35 விழுக்காடாக உயரும் என்பதே மதிப்பீடு. ஆனால் அத்திட்டத்தை ஊன்றிப் படித்தால், அறிவுரை அதில் ஒரு பங்குதான் என்பதும், நடைபாதை, மிதிவண்டித் தடம், பொதுப்போக்குவரத்து, பள்ளி நேரம், நகர அமைப்பு என்று சுகாதாரத் துறையின் கைக்கு எட்டாத வேலைகளே அதில் நிரம்பியிருப்பதும் தெரியும். சுகாதார அமைச்சர் ஒப்புக்கொண்ட இலக்கைச் சாலைத் துறைப் பொறியாளர் அறிந்திருப்பதுகூட இல்லை. அத்திட்டம் தள்ளாடுவது அங்கேதான் என்பது என் கணிப்பு.

நடந்து காட்டிய இடங்களும் இருக்கின்றன. நெதர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 3000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பல நூறு பேர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, தெருக்கள் மிதிவண்டிக்கு ஏற்றவையாக மெல்ல மாற்றப்பட்டன. அந்தப் பெற்றோர் யாரும் இதயநோயைப் பற்றிப் பேசவில்லை, பிள்ளைகள் உயிரோடு பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974-ல் தொடங்கிய வழக்கப்படி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளைக் கார்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் விட்டுவிடுகிறது. புதிதாக எதையும் கட்டவில்லை. இருக்கும் சாலை சில மணி நேரம் கைமாறுகிறது, அவ்வளவே.

உங்கள் பெற்றோரின் உழைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் தரும் காப்பை, வேலையிடத்தில் வேறு வழியின்றிச் செய்யும் கடும் உழைப்பு அப்படியே தருவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் பல கண்டிருக்கின்றன; ஆய்வாளர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளெல்லாம் சுமை தூக்குபவரின் ரத்த அழுத்தம் பல மணி நேரம் உயர்ந்தே இருக்கிறது, உடம்பு தேறுவதற்கான இடைவெளி அவருக்குக் கிடைப்பதில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அப்படிப்பட்டவரிடம் இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்வது கேலிக்கூத்து. அவருக்கு வேண்டியது ஓய்வு. ஆகவே உடலியக்கத்தைப் பெருக்குவது என்றால் பழைய உழைப்புக்குத் திரும்புவது என்று பொருளில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 10,000 என்ற எண் ஆய்வில் பிறந்ததன்று. ஜப்பானில் 1960-களின் நடுவில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு, பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். பெயர் நிலைத்து, அதுவே விதியாகிவிட்டது. சராசரி 72 வயதுடைய பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, நாளுக்கு ஏறத்தாழ 2700 காலடிகள் நடந்தவர்களைவிட 4400 நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7500 அளவில் அந்த ஆதாயம் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. என் கைக்கடிகாரம் இன்னமும் இரவு 9 மணிக்கு 10,000 ஆகவில்லை என்று என்னைக் கடிந்துகொள்கிறது. நான் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை, சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் இயங்கினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. எனவே மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது, காலடிகளை எண்ணும் பரபரப்பில் பலரும் அதைக் கவனிப்பதில்லை: வாரத்தில் மூன்று நாட்களாவது உடற்சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி வேண்டும், ஏனெனில் அந்த வயதில் விழாமலிருப்பது நடப்பதற்கு இணையாக முக்கியம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம். இதயநோயோ மூட்டுவலியோ இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முதல் சில நாட்கள் பிடித்துக்கொள்ளக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மேசை இருக்கட்டும்.

அன்புடன்.