கேள்வி - பதில்: கந்தலாகும் முன்பும் பின்பும்

கேள்வி: பழைய ஆடைகளைச் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் அவை புதுத் துணியாக மாறிவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி எதுவும் நடப்பதில்லை என்கிறார் நண்பர். எது சரி? இதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால், அதை வைத்துப் பயனே இல்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. சேகரித்த துணிகளைத் தொழிலாளர்கள் கையால் தரம் பிரிக்கிறார்கள். உடுத்தும் நிலையில் உள்ளவை மறுவிற்பனைக்குச் செல்கின்றன, நைந்த பருத்தித் துணிகள் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணிகளாக வெட்டப்படுகின்றன, எஞ்சியவற்றில் ஒரு பகுதி இயந்திரத்தில் கிழிக்கப்பட்டு மீண்டும் பஞ்சாகிறது. கிழிபடும்போது இழைகள் அறுந்து குட்டையாகிவிடுவதால், அந்தப் பஞ்சை நூலாக்கப் பெரும்பாலும் புதிய இழையைக் கலக்க வேண்டியிருக்கிறது. நூற்கவே முடியாதவை மெத்தைகளுக்குள்ளும் வாகனங்களின் ஒலித்தடுப்பு விரிப்புகளிலும் போய்ச் சேர்கின்றன. பழைய சட்டை மறுபடி சட்டையாவது அரிதுதான்.

கம்பளியின் கதை சற்று வேறு. 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர், கம்பளிக் கந்தலைக் கிழித்துப் புதுக் கம்பளியோடு கலந்து நெய்யும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு 'ஷாடி' என்று பெயர். மட்டமானது என்ற பொருள் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பிற்காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது. நல்ல தொழிலுக்கு நேர்ந்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியின் பிராட்டோ நகரில் இன்றும் கம்பளிக் கந்தலை நிறவாரியாகப் பிரித்த பிறகே கிழிக்கிறார்கள். பழைய நிறமே புதுத் துணிக்கும் உதவுவதால், சாயமேற்றச் செலவாகும் நீரும் வேதிப்பொருளும் வெப்பமும் பெருமளவு மிச்சமாகின்றன.

ஆனாலும் மிகப் பெரிய சேமிப்பு, கிழிக்காமல் அப்படியே உடுத்துவதில்தான் இருக்கிறது. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் தேவை என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு பருத்தி வயலிலேயே செலவாகிவிடுகிறது. பழைய ஆடையை வாங்குபவர் அதனால் புதிய ஒன்றை வாங்காமல் விட்டால் மட்டுமே இந்த நீர் மிச்சமாகும். புதிதாக வாங்கியதை வைக்க அலமாரியில் இடம் வேண்டும் என்பதற்காகப் பழையதைக் கொடுப்பவர், இந்தக் கணக்கில் தம்மைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

கேள்வி: எவற்றைக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்க வேண்டும்?

பதில்: துவைத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்திக் கொடுங்கள், ஈரமான ஒரே துணியால் மூட்டை முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிடலாம். குப்பையோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதையும் பருத்தி, மட்கும்போது மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. பாலியஸ்டரோ எளிதில் மட்காமல் அப்படியே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று விதி இருப்பதும் கவனிக்கத்தக்கது.

வாங்கும்போதே துணியின் உட்புறச் சீட்டைப் பாருங்கள். பருத்தியோடு பாலியஸ்டரும், நீட்சிக்காக ஸ்பாண்டெக்ஸும் கலந்த துணியின் இழைகளைப் பிரிப்பது கடினம் என்பதால், மறுசுழற்சியில் அதற்கு மதிப்புக் குறைவு. அத்தகைய ஆடைகள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அறுந்த பொத்தானையும் விட்டுப்போன தையலையும் சரிசெய்து இயன்றவரை நீங்களே உடுத்துவதுதான் நல்லது.