சிங்கப்பூர் வந்தபின் முடி கொட்டுகிறது. தண்ணீர்தான் காரணமா?

கேள்வி: "வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது சீப்பை வைத்தாலே கொத்தாக முடி வருகிறது. கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் இங்குள்ள தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். ஷவர் ஃபில்டர் வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அந்தக் காசை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எண்ணெய் தேய்த்து வாரும் முடி உயிரற்ற கெராட்டின் இழை. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேர்க்குமிழ். குளிக்கும் தண்ணீர் அங்கே போவதில்லை. பியுபி (சிங்கப்பூரின் தண்ணீர் வாரியம்) தரும் தண்ணீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள், உண்மைதான். அதனால் சிலருக்கு முடி கொஞ்சம் வறண்டு சொரசொரப்பாகலாம், நுனி உடையலாம். வேரோடு கொட்ட அது காரணமாகாது. ஊரில் உப்புத்தண்ணீர் போர்வெல்லில் குளித்தவருக்கு இங்குள்ள தண்ணீர் முடிக்கு மேலும் இதமானதுதான்.

உடைகிறதா கொட்டுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். விழுந்த முடியில் பத்துப் பதினைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரிலிருந்து தானாகக் கழன்றது. முடிச்சு இல்லாமல் நீளம் குறைவாக, முனை பிசிறாக இருந்தால் உடைந்தது. உடைவதற்கு ஸ்ட்ரெய்ட்டனிங், அடிக்கடி சாயம், ஈரத்தோடு இழுத்து வாருவது, இவைதான் வழக்கமான காரணங்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை முடிச்சுதான் தெரியும் என்று நினைக்கிறேன். ஏன் என்றால் கணக்கு அப்படி இருக்கிறது. தலையில் சுமார் 1 லட்சம் வேர்கள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கும், அடுத்துச் சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். எந்த நேரத்திலும் 10 சதவீத வேர்கள் ஓய்வில் இருக்கும், அதாவது 10,000. நூறு நாளில் அவை விழுந்து முடியவேண்டும் என்றால் நாளுக்கு 100. இது இயல்பு. உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் வளர்ந்துகொண்டிருந்த வேர்களில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வில் இருப்பவை 30 சதவீதமானால் நாளுக்கு 300 விழும். குளியலறைத் தரை கறுக்கும்.

ஆனால் அது அதிர்ச்சி வந்த அன்று விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஆகவே இன்று என்ன ஷாம்பு போட்டேன் என்று யோசிக்காதீர்கள், காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போங்கள். உங்கள் விஷயத்தில் அது வந்து இறங்கிய முதல் சில வாரங்கள், அல்லது கிளம்பும் முன் இருந்த பரபரப்பு. டெங்கியோ வேறு கடும் காய்ச்சலோ வந்ததா? ஷிஃப்ட் வேலையில் தூக்கம் போனதா? சமைக்க நேரமில்லாமல் காலையில் பரோட்டா, இரவில் மேகி என்று ஓடி எடை சட்டென்று இறங்கியதா? பெண்களுக்குப் பிரசவமும், கருத்தடை மாத்திரையை நிறுத்தியதும் இந்தக் கணக்கில் வரும். தூண்டுதல் நீங்கிவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது அடங்கும். இதனால் மட்டும் யாருக்கும் முழு வழுக்கை விழுவதில்லை. பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை பொறுமை வேண்டும்.

ரத்தத்தில் பார்க்கவேண்டியவை மூன்று: ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30 ng/mL-க்குக் கீழே இருப்பது, குறிப்பாக மாதவிலக்கு அதிகமுள்ள பெண்களிடமும் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களிடமும், சாதாரணம். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை மருத்துவர் சொல்லும் அளவில். மாத்திரையோடு டீ, காபி குடித்தால் உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பயோட்டின் மாத்திரை குறைபாடு இல்லாதவருக்குப் பயன் தருவதாக நல்ல சான்று இல்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு பரிசோதனைக்குப் போனால் முடிவே தவறாக வரலாம். முன்கூட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் முடி இழையைப் பாதுகாக்கும், புதிதாக வளர்க்காது. பொடுகும் அரிப்பும் இருந்தால் இந்த ஈரப்பதத்தில் இரவெல்லாம் எண்ணெய் வைத்திருப்பது அதை அதிகமாக்கும். வாரம் இரண்டு முறை 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் நடக்காது: கத்தி மேலே வெட்டுகிறது, வேரின் எண்ணிக்கை மாறுவதில்லை.

கொட்டும் எண்ணிக்கை பெரிதாக இல்லாமல் நெற்றி இரு பக்கமும் ஏறுகிறது, உச்சி தெரிகிறது, பெண்ணாக இருந்தால் வகிடு அகலமாகிறது என்றால் கதை வேறு. டிஹெச்டி என்ற ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படும் வேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்து, பூனைமுடியாகிவிடும் பரம்பரை வழுக்கை இது. தானாகத் திரும்பாது; சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் மேலும் போவதை நிறுத்தலாம். ஆண்களுக்கு மினாக்ஸிடில் 5% திரவம், காலையும் இரவும் 1 மி.லி., காய்ந்த தலையில், முடியில் அல்ல தோலில்; பெண்கள் தங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் கொட்டுவது கூடும்; ஓய்வில் இருந்த முடிகளைப் புது முடி வெளியே தள்ளுவதால் அப்படி. பலர் பயந்து அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், வருத்தமான விஷயம். குறைந்தது ஆறு மாதம் போடவேண்டும், நிறுத்தினால் பெற்றது சில மாதத்தில் போய்விடும். ஆண்களுக்கு ஃபினாஸ்டரைட் 1 மி.கி. மாத்திரையும் உண்டு, மருத்துவர் சீட்டோடுதான். சிலருக்குப் பாலுணர்வில் பாதிப்பு வரலாம், வெட்கப்படாமல் அதைப் பற்றி முன்பே கேளுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

வழுவழுப்பான நாணய அளவு வட்டமாக முடி போனால் அது உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எரிச்சல், வலி, செதில், வேர்த்துளையே மறைந்த பளபளப்பான தோல் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் போவதை ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். தழும்பான வேர் மறுபடி முளைக்காது.

'இலவச ஸ்கேன்' என்று உட்காரவைத்து பேக்கேஜில் கையெழுத்து வாங்கும் முடி சிகிச்சை நிலையங்களுக்கு, நோய் என்னவென்று மருத்துவர் சொல்லும்வரை போகவேண்டாம். வேலை அனுமதியில் இருப்பவர் முதலில் பக்கத்து ஜிபியிடம் (பொது மருத்துவர்) போய் ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கலாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால் மண்டலே ரோட்டில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டரில் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். போகும்போது மூன்று மாதக் காலண்டர் குறிப்பையும், எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப்போங்கள்.