ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, பிறகு ஏன் வலிக்கிறது?

கேள்வி: வயது 46, தையல் வேலை. நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையை எழுதியிருக்கிறார் டாக்டர். அப்படியென்றால் வலி என் கற்பனையா? குனியவே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் வலி நூற்றுக்கு நூறு நிஜம். வீட்டிலோ வேறெங்கோ யாராவது 'மனசுதான் காரணம்' என்று சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 40 வயதுக்காரர்களில் சுமார் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்கள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் உங்கள் பிதுக்கம் மட்டுமே நான்கு வருட வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இடுப்பு நரம்புகள் அனுப்புவது 'இங்கே ஆபத்து இருக்கலாம்' என்ற தகவலை மட்டுமே. அது எவ்வளவு வலிக்க வேண்டும் என்பது தண்டுவடத்திலும் மூளையிலும் முடிவாகிறது. 1995-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது: பூட்ஸைத் துளைத்து மேலே வந்த 15 செ.மீ. ஆணியுடன் ஒரு கட்டடத் தொழிலாளி துடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். மயக்க மருந்து கொடுத்துக் கழற்றிப் பார்த்தால், ஆணி விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் கீறல்கூட இல்லை. ஆனாலும் அவர் பட்ட வலி பொய்யில்லை.

மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும் வலியில் பலருக்குத் தண்டுவட நரம்புச் செல்கள் கூர்மையாகிவிடுகின்றன. லேசான அசைவுகூட வலியாகிறது. வலியை அடக்க மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளைகளும் பலவீனமாகின்றன. தூக்கமின்மை, கவலை, குனிந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து வலியைக் கூட்டுகின்றன. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்ற மாத்திரைகள் அந்தக் கட்டளைப் பாதைக்குத்தான் வலுவூட்டுகின்றன. மனநோய் என்று நினைத்து எழுதியதில்லை. டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அரை மணி நேரம் தைத்தால் வலி வருகிறதா? இருபது நிமிடத்திலேயே எழுந்து கொஞ்சம் நடங்கள். தைக்கும் நேரத்தை வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைவான நாளில் தேங்கிய ஆர்டரையெல்லாம் முடித்துவிடத் தோன்றும். மறுநாள் படுக்கவைப்பது அதுதான். குனிவதையும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். குனிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளை அனுபவத்தில்தான் கற்கும். வலி அடியோடு போகும் என்று உறுதி தர முடியாது. ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்தால் பலருக்கும் குறைகிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும்போது அழுந்தும் பிட்டப் பகுதி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் டாக்டரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.