முகாம் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்யலாம்?

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க அங்கிருந்து வந்த பையன் பி.இ. முடித்தவன் என்று தெரிந்ததிலிருந்து மனசே ஆறவில்லை. துணிமணி, அரிசி வாங்கிக் கொடுக்கலாமா? வேறு எப்படி உதவுவது?
- வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: அன்புள்ள சகோதரி,

துணியையும் அரிசியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முகாம் குடும்பங்களுக்கு அரசு மாத உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் தருகிறது. அது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையனின் கஷ்டம் வேறு.

1983 கலவரத்துக்குப் பிறகு பல அலைகளாக வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் இன்று முகாம்களில் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அதனால் அரசு வேலைக் கதவு மூடிவிடுகிறது. தனியார் கம்பெனியிலும் முகவரியில் 'முகாம்' என்று பார்த்ததும் தயங்குகிறவர்கள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை என்றால் மாமாவோ சித்தப்பாவோ போய், "நம்ம பையன்தான், நான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இவனுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் சொல்லலாமே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழில் நடத்துகிறவர்கள் எத்தனை பேரை வங்கியில் பார்த்திருப்பீர்கள்! அவர்களில் ஒருவருக்கு போன் செய்து, இவன் படிப்பையும் நிலைமையையும் சொல்லுங்கள். முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் பதிவு எடுக்கும் நாளில் அவன் நேரில் இருந்தாக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விவரம் தெரியாத முதலாளிக்கு அது காரணமில்லாத லீவாகத்தான் தோன்றும். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள். பொறியியல் படிப்பில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 முகாம் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த மாதிரி உதவிகளுக்கு எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம், கடைசித் தேதி எது என்று பார்த்துச் சொல்ல, பெயின்ட் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் அப்பாவுக்கு எங்கே நேரம்? விண்ணப்பங்களோடே வாழ்ந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாலே பெரிய உதவி.

உங்கள் வீட்டில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியாட்கள் முகாமுக்குள் போய் எதுவும் செய்ய அதிகாரிகளின் அனுமதி வேண்டும். முகாம் தலைவரிடம் முதலில் பேசிவிடுங்கள். அகதிகளே சேர்ந்து நடத்தும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிறது. அவர்களைக் கேட்டால் எந்த வீட்டுக்கு எது அவசரம் என்று உங்களைவிடவும் என்னைவிடவும் சரியாகச் சொல்வார்கள்.

பழகும்போது ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். "ஊருக்கு எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம். அவர்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். போர்க் கதைகளை அவர்களாகச் சொன்னால் மட்டும் கேளுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.