1,200 யூரோவில் மியூனிக்கில் வீடு

தம்பி, அடுத்த மாதம் சென்னையிலிருந்து மியூனிக் வருகிறேன், வீட்டுச் செலவு மாதம் 1,200 யூரோவைத் தாண்டக் கூடாது, ஆறு மாதத்தில் மனைவியும் வந்துவிடுவார், வீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஊருக்கு நடுவில் கிடைக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை 'கால்ட்'. அது வெறும் வீட்டுக்கான வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை, மாடிப்படி கூட்டுகிற செலவு எல்லாம் சேர்த்தால் 'வார்ம்'. 850 கால்ட் என்றால் வார்ம் 1,050 பக்கம் வந்து நிற்கும். மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதிலும் சேராது, ஒரு தொண்ணூறு வைத்துக்கொள்ளுங்கள். டிவியே இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஆக, உங்கள் 1,200-க்குத் தேட வேண்டியது 850 பக்கம் உள்ள கால்ட்தான்.

அந்த விலைக்கு எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊர்களைப் பாருங்கள்: எர்டிங், பீட்டர்ஸ்ஹௌசன், ஹோல்ஸ்கிர்ஷன் பக்கம். வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ் என்றால் பக்கத்து நகரமான ஆக்ஸ்பர்க்குக்கே போய்விடலாம். வட்டார ரயிலில் முக்கால் மணி நேரம், மாதம் 63 யூரோ கட்டும் டாய்ச்லாந்து டிக்கெட் என்கிற பாஸ் அதற்குச் செல்லும். ஐசிஇ வேக ரயிலில் மட்டும் செல்லாது.

'2 சிம்மர்' என்றால் இரண்டு பெட்ரூம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலையும் சேர்த்துத்தான் இரண்டு. அப்புறம் சமையலறை. எனக்கு முதலில் கிடைத்த வீட்டில் சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய் வாய், அடுப்புக்கு ஒரு மின் இணைப்பு, அவ்வளவுதான். சிங்க் கூடக் கிடையாது. முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார், இங்கே அது வழக்கம். மூன்று வாரம் சூட்கேஸ் மேல் பலகை போட்டு, இண்டக்‌ஷன் அடுப்பில் ரசம் வைத்தேன், பாத்திரத்தைக் குளியலறையில் கழுவினேன். விளம்பரத்தில் 'இபிகே' என்று மூன்று எழுத்து இருந்தால் சமையலறை பொருத்தியிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக மாதம் ஐம்பது கூடக் கொடுத்தாலும் தகும்.

அட்வான்ஸ் நம் ஊர்போலப் பத்து மாதம் கேட்க முடியாது. சட்டப்படி மூன்று மாத கால்ட்தான் உச்சம், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். "நான் லண்டனில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று மெயில் வந்தால் அது மோசடி. வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நிரந்தர வீட்டை அங்கிருந்தே தேடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு யாராவது வெளியூர் போகும்போது விடுகிற வீட்டையோ, பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒரு அறையையோ பிடியுங்கள். கையில் மூன்று சம்பளச் சீட்டும் ஷூஃபா அறிக்கையும் இருந்தால்தான் வீட்டுக்காரர்கள் பேசவே வருவார்கள். ஷூஃபா என்பது நம் ஊர் சிபில் மாதிரி. அந்தத் தற்காலிக இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அன்மெல்டுங் செய்யலாமா?" குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு விடுபவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. மாட்டேன் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. சாவி வாங்கிய அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒட்டவில்லை. வரி எண் வந்த கடிதம் அப்படியே திரும்பிப் போய்விட்டது, முதல் சம்பளத்தில் வரியை உச்ச விகிதத்தில் பிடித்தார்கள். பணம் பிறகு வந்துவிட்டது, ஆனால் அந்த மாத வாடகைக்கு நண்பரிடம் கை நீட்ட வேண்டியதாகிவிட்டது.