காணி விடுபட்டது, குடும்பம் இரண்டு இடத்தில்

கேள்வி: எனக்கு 38 வயது, என் கணவருக்கு 43. 1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து சொந்த ஊரான மயிலிட்டியை விட்டு ஓடிவந்தபோது அவருக்கு எட்டு வயது. 2009இல் கலியாணம் முடித்து ஆறு வருஷம் மல்லாகத்தில் முகாமில், மாமா மாமியோடு ஒரே கொட்டிலில் இருந்தோம். பிறகு சுன்னாகத்தில் என் சீதன வீட்டுக்கு வந்தோம். 2017இல் இராணுவம் பிடித்து வைத்திருந்த ஊர்க் காணி விடுபட்டது. போன வருஷம் மாமா மோசம்போனதிலிருந்து இவர் கிழமையில் நாலு இரவு அங்கேதான், தகரக் கொட்டிலில். என் வளவில் பாதியை விற்று ஊரில் வீடு கட்டுவோம் என்கிறார். 14 வயது மகள் வரமாட்டாளாம். ஏதும் கேட்டால் எழும்பிப் போய்விடுகிறார். நான் என்ன செய்ய?

பதில்: எழும்பிப் போவது முகாம் பழக்கம். சேலைத் திரைக்கு அப்பால் மாமி படுத்திருக்க, நீங்கள் ஒரு சண்டையையாவது முழுதாகப் பிடித்து முடித்திருப்பீர்களா? குரல் உயர்ந்தால் ஒருவர் முற்றத்தில் போய் நிற்பார். வீடு மாறியும் அது விடவில்லை. (இதைப் பொறுமை என்று சனம் மெச்சுவது வேறு.) ஊருக்குத் திரும்பாமலே தகப்பன் போய்விட்டார், இவரோ பத்து வருஷம் மனைவியின் சீதன வீட்டில். உங்களை விட்டு விலகுகிறார் என்று எனக்குப் படவில்லை.

கிழமையில் இரண்டு நாள், பிள்ளைகள் ரியூசனுக்குப் போன நேரம், 20 நிமிடம் இருங்கள். அவர் ஐந்து நிமிடம் கதைக்கட்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். அவர் ‘ஓம், அதுதான்’ என்ற பிறகே உங்கள் முறை. முதல் இரண்டு கிழமை விற்கிற கதையே வேண்டாம், மாமாவைப் பற்றிக் கதையுங்கள். தாங்கமுடியாவிட்டால் ‘பத்து நிமிடத்தில் வாறன்’ என்று சொல்லிவிட்டு எழும்பட்டும்.

யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி சீதனக் காணியை அவருடைய எழுத்துச் சம்மதமின்றி நீங்கள் விற்க முடியாது. உங்கள் கையெழுத்தின்றி அவரும் விற்க முடியாது. ஆறுதலாக முடிவெடுக்கலாம். ஊர்க் காணி இன்னும் மாமா பேரில் என்றால், சகோதரங்களின் பங்கு தீருமுன் அங்கே அத்திவாரம் வெட்டாதீர்கள். வழக்கில் போய் முடியும்.

மகளிடம் ‘ஏன் வரமாட்டாய்’ என்று கேட்காதீர்கள். அங்கே என்னென்ன இருந்தால் தங்குவாய் என்று கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு இருட்டில் கழிப்பறைக்குப் போவதே பெரிய பயமாக இருக்கும். முதலில் உள்ளே பூட்டக்கூடிய கழிப்பறை, வெளிச்சம், இறைத்துக் குளோரின் போட்ட கிணறு. பிறகு பள்ளி விடுமுறையில் எல்லோரும் மூன்று இரவு தங்கிப் பாருங்கள்.

குடி கூடினால், நித்திரை கெட்டால் தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள். கை நீட்டினால் மேலே சொன்ன பேச்சுப் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிட்டு பெண்கள் உதவி எண் 1938க்கு எடுங்கள்.