மருந்து வேதியியலாளர் ஆக பிஎச்.டி. வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. கரிம வேதியியல் முடித்து, பெங்களூரில் ஓர் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஸ்கீமைப் (தயாரிப்பு வழிமுறையை) பார்த்துச் சேர்மங்களைத் தயாரித்து, காலம் (column) என்ற பிரிப்புக் குழாயில் போட்டுச் சுத்தம் செய்து, மூலக்கூறின் அமைப்பை உறுதிசெய்யும் என்எம்ஆர் சோதனை எடுத்து அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. எந்த நோய்க்கு என்பதுகூடப் பல நேரம் தெரியாது. மருந்தை வடிவமைக்கும் மெடிசினல் கெமிஸ்ட் ஆகவேண்டும் என்று ஆசை. பிஎச்.டி. இல்லாமல் நடக்காது என்கிறார்கள் மூத்தவர்கள். அமெரிக்க மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியன் பிஎச்.டி. இல்லாமலே நோபல் வாங்கினாரே என்றால் சிரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரித்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்று எந்த மூலக்கூறைச் செய்வது என்று முடிவெடுக்கும் நாற்காலிகளில் பெரும்பாலும் பிஎச்.டி.க்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எலியன் 1937இல் நியூயார்க்கில் பட்டம் பெற்றவர். பெண் என்பதால் ஆய்வக வேலை கிடைக்கவில்லை. உணவுக் கம்பெனி ஒன்றில் ஊறுகாயின் புளிப்பையும், மயோனைஸில் போடும் மஞ்சள் கருவின் நிறத்தையும் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபிறகுதான் கதவு திறந்தது. 1944இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பகுதிநேரமாக பிஎச்.டி. படித்தார், முழுநேரமாக வரவேண்டும் என்றதும் படிப்பை விட்டார். அப்படியொரு காலமும் அப்படியொரு மேலாளரும் நமக்கும் வாய்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

நான் எலியனிடம் பார்ப்பது வேறு. தான் செய்த சேர்மத்தை அவர் குடுவையோடு விட்டுவிடவில்லை. 6-மெர்காப்டோபியூரின், செல்கள் டிஎன்ஏ கட்டப் பயன்படுத்தும் பியூரினைப் போல நடிக்கும் ஒரு போலி. 1953இல் லுக்கேமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்க்கு) அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. ஆனால் திரும்பி வந்தது. மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்று எலியனின் குழு தேடியது. சாந்தின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதைச் சிதைப்பது தெரிந்தது. அந்த நொதியைத் தடுக்க அல்லோபியூரினாலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்தின் வீரியம் கூடியது, நச்சும் கூடவே கூடியது; லுக்கேமியாவுக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் உடலில் யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதிதான்! 1966இல் அல்லோபியூரினால், யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுகளில் வலி தரும் கவுட் நோய்க்கு மருந்தாக வந்தது. இன்றும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். மெர்காப்டோபியூரினைச் சற்று மாற்றிச் செய்த அசாதியோபிரின், உடலின் எதிர்ப்பை அடக்கி, சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு வழிவிட்டது. நோபல் வந்தது 1988இல்.

உங்கள் இடத்தில் இதற்கு வழி குறுகல்தான். சேர்மத்துக்கு ரகசியக் குறியீடு, சோதனை முடிவு வாடிக்கையாளரிடம். ஆனாலும் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். எண்களை மட்டுமாவது பகிர்பவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் வெளியாகிவிட்ட பழைய கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண் மருந்து சிமெடிடின் நல்ல பாடம். முதலில் வந்த புரிமமைடு வாய்வழியாகக் கொடுத்தால் போதவில்லை. அடுத்த மெட்டியமைடில் சிலருக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த மூலக்கூறின் தயோயூரியா என்ற பகுதியில் உள்ள கந்தகத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? விடையைப் பார்க்காமல் நீங்களே நாலைந்து அமைப்புகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிப் பாருங்கள். 1976இல் பிரிட்டனில் சிமெடிடின் வந்தபோது அங்கே இருந்தது சயனோகுவானிடின் என்ற கந்தகமில்லாத பகுதி. நேர்காணலில் இந்த மாதிரி யோசனையைத்தான் துருவுவார்கள். எத்தனை சேர்மம் செய்தீர்கள் என்ற கணக்கு அங்கே அதிகம் எடுபடாது.

ஆனால் ஒன்று: இந்தத் தொழிலில் நல்ல திறமைசாலிகள் பலர், தாங்கள் தொட்ட எதுவும் கடைக்கு வராமலே ஓய்வு பெறுகிறார்கள். அது உறுத்துமென்றால் மருந்தைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழியை உருவாக்கும் ப்ராசஸ் கெமிஸ்ட்ரி பக்கம் போகலாம். கிலோ கணக்கில் செய்த சரக்கு கண்முன் நிற்கும்.

பிஎச்.டி. பற்றி: முடிந்தால் செய்யுங்கள். துறையின் பெயரில் ‘மெடிசினல்’ இருக்கிறதா என்று பார்த்து அலைய வேண்டாம். கம்பெனிகள் தேடுவது பெரும்பாலும் கரிமத் தொகுப்பு கைவந்தவர்களை. மருந்துப் பாடத்தை வேலையிலேயே கற்கலாம். வழிகாட்டியின் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். பிஎச்.டி. படிக்க உதவித்தொகை தரும் ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு இருக்கிறது, அதற்கான நெட் தேர்வின் அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.